பாடம் இலவசம், சான்றிதழுக்குக் காசு

என்பிடெல் வீடியோ ஒன்றைக்கூடப் பார்க்காமல் தமிழ்நாட்டில் இப்போது யாரும் இன்ஜினியரிங் முடிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. பாடம் முழுக்க இலவசம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாலும் எந்தப் பேராசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால்தான் ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். மையம் வைத்துத் தேர்வு நடத்தச் செலவு ஆகத்தானே செய்யும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை பார்க்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் செமஸ்டர் தொடங்கியதும் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை வரும். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு சான்றிதழாவது வாங்கியாக வேண்டும். வாங்கியதும் துறைக் கோப்பில் ஒரு நகல், கல்லூரிக்குத் தர அங்கீகாரம் தரும் நாக் அமைப்புக்கான கோப்பில் ஒரு நகல், அதே மாதிரி என்பிஏ கோப்பில் ஒரு நகல். சான்றிதழின் தரம் எலைட்டா, சில்வரா, கோல்டா என்று விசாரிப்பார்கள். என்ன பாடம் என்பதைச் சில சமயம் மறந்துவிடுவார்கள். அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

'கல்வி வியாபாரமாகிவிட்டது' என்று நம் ஊரில் பேச்செடுத்தால் உடனே பேச்சு சீட்டுக்கும் நன்கொடைக்கும் போய்விடும். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 1984-ல் எம்ஜிஆர் ஆட்சியில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1992-ல் நன்கொடை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, நன்கொடையும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. நல்லதும் நடந்தது. பள்ளிக்கூடமே பார்க்காத வீடுகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பட்டம் வாங்கினார்கள், என் வகுப்பில் பாதிப் பேர் இன்றும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அதனால் சீட்டு விற்பதைப் பற்றி இன்னொரு புலம்பல் எழுத எனக்கு விருப்பமில்லை. உள்ளே வந்த பிறகு பாடத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. அங்கே இன்னொரு சந்தை நடக்கிறது. அதில் அறிவுக்கு விலையே கிடையாது. அறிவு இருப்பதாகக் காட்டும் காகிதத்துக்குத்தான் விலை.

விற்க வேண்டுமென்றால் முதலில் கூறு போட வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் எந்தப் பாடமானாலும் ஐந்து யூனிட். மாக்ஸ்வெல் சமன்பாடுகளும் ஐந்து யூனிட்தான், மனிதவள மேலாண்மையும் ஐந்து யூனிட்தான். பெரும்பாலும் யூனிட்டுக்கு 9 பீரியட், மொத்தம் 45. எந்தக் கருத்து புரிய எத்தனை நாள் ஆகும் என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேள்வித்தாளிலும் இதே வெட்டுதான். பத்து 2 மார்க், ஐந்து 16 மார்க் என்று பல வருஷம் ஓடியது. அப்புறம் 13, 15 என்று மாறியது. 2 மார்க் கேள்விகள் ஒரு பாடத்துக்கு இருநூறு தேறும், அவைதான் திரும்பத் திரும்ப வரும். இதை எங்களுக்கெல்லாம் முன்பே கண்டுபிடித்தவர்கள் 'லோக்கல் ஆத்தர்' புத்தகம் போடுகிறவர்கள். யூனிட் வாரியாகப் பாடம், பழைய வினாத்தாள் விடைகள், அட்டையில் பாடக் குறியீடு எண், எந்த வருஷத்துப் பாடத்திட்டம் (ரெகுலேஷன்) என்ற விவரம். நூலகத்தில் கனமான மூலநூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. ஆய்வுக் குழு வரும்போது தூசி தட்டுவோம்.

லோக்கல் ஆத்தர் புத்தகத்தைக் கேவலமாகப் பேசுவது பேராசிரியர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால் நாங்களும் அதை வைத்துத்தான் பாடம் எடுக்கிறோம். அதைவிட முக்கியமானது, வாங்குகிற மாணவன் ஏமாளி இல்லை. பரீட்சையில் என்ன கேட்கிறார்களோ அதை வாங்குகிறான். கேள்வி கேட்பவர்கள் வேறு மாதிரி கேட்டிருந்தால் அந்தப் புத்தகமும் வேறு மாதிரிதான் வந்திருக்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட் விஷயம் இதைவிட சுவாரசியமானது. கோவை காந்திபுரத்தில் நடந்தால் மாடிப்படிகளில் 'புராஜெக்ட் சென்டர்' பலகைகள் தென்படும். பட்டியலிலிருந்து ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டினால் போதும். சர்க்யூட், கம்ப்யூட்டர் புரோகிராம், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். நான் பாடம் எடுத்த மாணவன் ஒருவன் படித்து முடித்து, வேலை சரியாக அமையாமல், இப்படி ஒரு சென்டரில் சேர்ந்தான். பிறகு அவனே தனியாக ஒன்று ஆரம்பித்துவிட்டான். ஒருநாள் அங்கே போயிருந்தேன். இரண்டு மாணவர்கள் ஒரு போர்டை மேசையில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவன் அவர்களுக்கு மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு பையனுக்குப் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னான், ஆசிலோஸ்கோப்பில் அலையைக் காட்டினான். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நான் ஒருநாளும் அத்தனை பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை.

"வைவாவுல நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும் சார். அதுக்குப் பதில் சொல்ற அளவுக்காவது புரியணும்ல, இல்லைன்னா சென்டர் பேரு கெட்டுப்போயிரும்" என்றான்.

"இவ்வளவும் நீயே சொல்லிக் குடுத்தா நாங்க எதுக்கு தம்பி?"

"கையெழுத்துப் போடறதுக்கு சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த வியாபாரத்தில் கொஞ்சமாவது அறிவு கைமாறுவது இங்கேதான். காசு வாங்குகிறான், சரக்கைக் காட்டுகிறான், வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறான். போலித்தனம் எங்கே நுழைகிறது என்றால், அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், 'இது மாணவர்கள் சொந்தமாகச் செய்த பணி என்று சான்றளிக்கிறேன்' என்று வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போடும் இடத்தில்.

மாணவர்களின் சந்தையைப் பார்த்தாகிவிட்டது. ஆசிரியர்களின் சந்தை இன்னும் பெரிது.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஏபிஐ என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்கில் பேசினால் இத்தனை, நூலில் அத்தியாயம் எழுதினால் இத்தனை. பதவி உயர்வில் சிபாரிசு குறையட்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்திருக்கலாம். நடந்தது வேறு. கட்டுரைக்குத் தேவை வந்தது, தேவை வந்ததும் கடை வந்தது. வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பும் அதற்கு மேல் அட்மிஷன் வேலையும் பார்க்கும் ஆசிரியரிடம், ஆய்வகத்தில் உருப்படியான கருவி ஒன்றுகூட இல்லாத நிலையில், வருஷத்துக்கு இரண்டு 'ஸ்கோபஸ் பேப்பர்', அதாவது ஸ்கோபஸ் என்ற பட்டியலில் உள்ள இதழ்களில் வந்த கட்டுரை, கேட்டால் அவர் எங்கே போவார்? வாட்ஸ்அப்பைத் திறந்தால் விளம்பரம் தானாக வருகிறது. கட்டுரை தயாராக இருக்கிறது, எழுதியவர்கள் பெயர் வரிசையில் முதல் இடம் ஒரு விலை, மூன்றாவது இடம் அதைவிடக் குறைச்சல், ஏற்பு நிச்சயம். தியேட்டர் டிக்கெட் மாதிரி முன்வரிசை பின்வரிசை என்று விலை பிரித்திருக்கிறார்கள்.

மானியக் குழு சும்மா இருக்கவில்லை. அங்கீகரித்த இதழ்களின் பட்டியலைப் போட்டது. அந்தப் பட்டியலிலேயே குப்பை சேர்ந்துவிட்டது என்று 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. 2019-ல் 'கேர்' என்று புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டு, எந்த இதழ் நல்லது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் மாதிரிக் கல்லூரிகளின் படிவங்களில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. தேசியத் தரவரிசைக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும், தரவரிசை இருந்தால்தான் அட்மிஷன் நடக்கும்.

இந்த வியாபாரத்தில் நம்மவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. ஹைதராபாத்தில் இருந்து நடந்த ஓமிக்ஸ் என்ற பதிப்பு நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2019-ல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வாங்கியது. அதற்காக வெள்ளைக்காரக் கம்பெனிகளெல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வைலி என்ற பெரிய நிறுவனம் 2021-ல் வாங்கியது. 2023-ல் மட்டும் அதன் இதழ்களில் எட்டாயிரத்துக்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்தவர் கட்டுரையை எடுத்து, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு அகப்படாமல் இருக்க வார்த்தைகளை எந்திரத்தை வைத்து மாற்றுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் 'பூஸம் பெரில்' (மார்பின் ஆபத்து) ஆகிவிடுகிறது, செயற்கை நுண்ணறிவு 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகிவிடுகிறது. இப்படி எழுதியதும் அச்சாகியிருக்கிறது, அதற்குப் புள்ளியும் கிடைத்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பேடண்ட் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் 18 மாதத்தில் அது காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகிவிடும். அவசரமென்றால் தனிக் கட்டணம் கட்டி, படிவம் 9 கொடுத்து இன்னும் சீக்கிரமே வெளியிட வைக்கலாம். வெளியாவது வேறு, காப்புரிமை கிடைப்பது வேறு. வெளியான மறுநாளே கல்லூரி வாசலில் ஆசிரியரின் படத்தோடு பிளெக்ஸ் வைத்துவிடுவார்கள். அலுவலகம் பரிசீலித்த பிறகு விண்ணப்பம் என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கட்டுரை, பேடண்ட் எல்லாம் போய், ஆளையே காகிதமாக்குவது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. பத்திரிகைகள் அதை மோசடி என்று எழுதின, மோசடிதான். ஆனால் கல்லூரிகளில் இருப்பவர்கள் யாரும் அதிர்ச்சி அடைந்ததாக எனக்குத் தெரியவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர் இத்தனை பேர் இருந்தால்தான் அங்கீகாரம் என்று விதி இருக்கிறது. அவர் வகுப்புக்கு வந்தாரா என்று பார்ப்பது கஷ்டம், சான்றிதழைப் பார்ப்பது சுலபம். எனவே சான்றிதழ் மட்டும் பல கல்லூரிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. நிஜமாகவே வேலைக்கு வருகிறவர்களின் அசல் சான்றிதழ்களைப் பல நிர்வாகங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கின்றன. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அதைக் கெஞ்சி வாங்க வேண்டும்.

இது ஒரு பக்கம். காசு கொடுத்து எழுத வைத்த, யாரும் படிக்காத கட்டுரைகளின் பக்கம். மறுபக்கத்தில் நிஜமாகவே படிக்க வேண்டிய கட்டுரைகள் இருக்கின்றன. அவை பூட்டிக் கிடக்கின்றன, சந்தா கட்டினால்தான் திறக்கும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசாங்கங்கள் அறிவியல் ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டின. ராபர்ட் மாக்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் பதிப்பாளர் அதில் உள்ள லாபத்தைச் சீக்கிரமே மோப்பம் பிடித்தார். அவருடைய பெர்கமான் நிறுவனம் துறைக்கொரு இதழ், அதன் கிளைத்துறைக்கொரு இதழ் என்று ஆரம்பித்துக்கொண்டே போனது. எழுதுகிறவர் சம்பளம் கேட்க மாட்டார், சரிபார்க்கிறவரும் கேட்க மாட்டார், நூலகம் வாங்காமல் இருக்க முடியாது. இந்த ஆய்வாளருக்கு அந்த இதழுக்குப் பதில் இந்த இதழ் போதும் என்று சொல்லவும் முடியாது. இப்படியொரு வியாபாரம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1991-ல் மாக்ஸ்வெல் பெர்கமானை 44 கோடி பவுண்டுக்கு எல்சேவியர் என்ற பதிப்பகத்துக்கு விற்றார். இன்று எல்சேவியரின் லாபம் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல். அது மட்டுமில்லை, எங்கள் படிவத்தில் கேட்கிறார்களே 'ஸ்கோபஸ்', அந்தப் பட்டியலும் எல்சேவியருடையதே. தேசியத் தரவரிசைக்குக் கட்டுரைகளை எண்ணுவதும் அந்தப் பட்டியலையும் அதன் போட்டிப் பட்டியலையும் வைத்துத்தான். கடையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது. இதை யாரும் சட்டவிரோதமாகச் செய்யவில்லை. நம் அரசாங்கம் போய் அந்தத் தராசை விரும்பி வாங்கி வந்திருக்கிறது.

அப்படியானால் படிக்க என்ன வழி? கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் தொடங்கிய, பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சைஹப் என்ற இணையதளம்தான் என் தலைமுறை ஆய்வாளர்களுக்கு நூலகம். பிஎச்டி செய்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், உள்ளுக்குள் சிரிப்பார்கள். எல்சேவியரும் வைலியும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்துவிட்டது.

இதற்கிடையில் ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை 2024 நவம்பரில் அறிவித்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. எங்கள் நூலகரிடம் போய் எப்போது இணைப்பு வரும் என்று ஆவலாகக் கேட்டேன். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான் சார் என்றார். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். ஆக, கட்டுரை எழுது என்ற விதி எங்களுக்கும் உண்டு, படிக்கிற வசதி அரசுக் கல்லூரிக்கு மட்டும். இப்போது அரசுக் கல்லூரியில் இருக்கும் நண்பர்களுக்குத் தலைப்பை அனுப்பி, பிடிஎஃப் வாங்கிக்கொள்கிறேன். அவர்களும் முகம் சுளிக்காமல் அனுப்புகிறார்கள். அந்த 6,000 கோடிக்கு நம் பல்கலைக்கழகங்களின் ஆய்விதழ்களையே ஒழுங்காக நடத்தி, எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கலாமே என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆய்வேடுகளுக்கு அப்படியொரு ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சோத்கங்காவில் போய் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

சட்டமும் எப்போதும் பதிப்பாளர் பக்கமே நின்றதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் குறித்துக் கொடுக்கும் புத்தகப் பகுதிகளை நகலெடுத்து, பாடத்தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்கு விற்று வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூவரும் சேர்ந்து 2012-ல் அந்தச் சின்னக் கடை மேல் வழக்குப் போட்டார்கள். மாணவர்கள் சங்கம் கட்டி வழக்கில் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பாடம் நடத்துவதற்காக நகலெடுப்பதைக் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது என்றது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த அடிப்படையை மாற்றவில்லை. மறுவருஷம் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன.

அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு என் பாடத்துக்கு நானும் ஒரு தொகுப்பு தயாரித்தேன். மூலநூல்களிலிருந்து தேவையான பகுதிகள், திறந்து கிடக்கும் சில கட்டுரைகள், என்பிடெல் வீடியோக்களுக்குக் குறிப்பு, நானே எழுதிய சில கணக்குகள். கணக்குகளுக்கு வேண்டுமென்றே விடை கொடுக்கவில்லை. கல்லூரி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி கொடுத்து, நகல் கூலி மட்டும் வாங்கச் சொன்னேன். வாரம் கழித்து முன்பெஞ்ச் மாணவி ஒருத்தி தொகுப்பைப் புரட்டிக்கொண்டே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண்.

"சார், இதுல 2 மார்க் எங்க சார் இருக்கு?"

அவளைக் கோபித்து என்ன செய்ய? நவம்பரில் பரீட்சை எழுதப் போவது அவள். அடுத்த செமஸ்டரில் கடைசியாக நான்கு பக்கம் சேர்த்தேன், யூனிட் வாரியாக 2 மார்க், விடையோடு. இப்போது அந்த ஜெராக்ஸ் கடையில் அந்த நான்கு பக்கம் மட்டும் தனியாக விற்கிறது.